மறு: 'லீஸ்' என்பதற்குக் குத்தகையா, வாடகையா? இரவல் என்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வைஃபையை நடத்தும் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதன் கதவு எண்ணை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறதே, அந்த டிஎச்சிபி (டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால், முகவரி வழங்கும் நெறிமுறை) லீசுக்குத் தமிழ் என்ன என்பது கேள்வி. இதுவரை குத்தகைக்கு மூன்று பேர், வாடகைக்கு ஒருவர், 'லீசு' என்றே இருக்கட்டும் என்று ஒருவர். நான் இரவல் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் எங்கள் மாட்டுக் கட்டுத்தரைக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அந்தச் சொல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். போன மாதம் பசு நிறைமாதச் சினை. ராத்திரி இரண்டு மூன்று தடவை அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்துவிட்டு, கட்டுத்தரையில் ஒரு வைஃபை கேமரா மாட்டினேன். வீட்டுக் கணினியில் அதன் படத்தைப் பார்க்க ஒரு செயலி. அதில் கேமராவின் முகவரி 192.168.1.4 என்று கையால் அடித்து வைத்தேன். ஒன்பது நாள் நன்றாகப் படம் வந்தது. பத்தாம் நாள் காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகு பார்த்தால் கறுப்புக் கட்டம், நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

கேமராவின் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. அதாவது வைஃபையில் சேர்ந்துவிட்டது. கணினியிலிருந்து 192.168.1.4-க்கு பிங் அடித்தேன், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தியை அனுப்பினேன். பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை அன்றைக்கு முழுக்க அலைக்கழித்தது. பதில் வருகிறது, ஆகவே கேமரா உயிரோடு இருக்கிறது, செயலியில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். ஏணி போட்டு ஏறி, கேமராவின் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பிடுங்கியிருந்த அந்த அரை நிமிடத்தில் பிங் ஓடும் திரையை யாராவது பார்த்திருந்தால் அப்போதே விடை கிடைத்திருக்கும். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பதில் வரும் நேரம் சீராக இல்லை. ஒன்று 6 மில்லிநொடி, அடுத்தது 210, அதற்கடுத்தது 95. கேமராவாக இருந்தால் மூன்று, நான்கு என்று ஒழுங்காக வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். செல்போனை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார், பிங் நின்றுவிட்டது. அரை மணி கழித்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பதில் மறுபடி வர ஆரம்பித்தது. நாள் முழுக்க நான் தட்டியது கேமராவின் கதவையே அல்ல, அம்மாவின் செல்போனை.

நடந்தது இதுதான். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும், எந்த முகவரியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைக் கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் வந்ததும் எங்கள் ரவுட்டர் பழையதை மறந்து எழுந்தது. செல்போன் பேட்டரியில் விழித்தே இருந்ததால் முதலில் போய் முகவரி கேட்டது, 192.168.1.4 (இனி வெறும் 4) கிடைத்தது. கேமரா எழுந்து தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது போய்க் கேட்டபோது 4 இல்லை, 7 கிடைத்தது. எந்த ஐபி முகவரியில் எந்தக் கருவி இருக்கிறது என்று காட்டும் ஆர்ப் பட்டியலைக் கணினியில் எடுத்து, 192.168.1.4-க்கு நேரே இருந்த மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, கேமராவின் அடியில் ஒட்டியிருந்த சீட்டோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. ரவுட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளைப் பார்த்தால் 7-இல் கேமரா உட்கார்ந்திருந்தது. செயலியில் 4-ஐ 7 ஆக்கினேன். பசு அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"என்னதான் ஆச்சு?" என்று அம்மா கேட்டார். இந்த இழை அப்போது தொடங்கவில்லை என்றாலும் குத்தகை என்ற சொல்தான் என் வாயில் வந்தது. கேமராவுக்கு ரவுட்டர் முகவரியைக் குத்தகைக்கு விட்டிருந்தது, இப்போது அது உன் போனுக்குப் போய்விட்டது என்றேன். அம்மா உடனே, "குத்தகைன்னா அப்படியெல்லாம் பொழுதுக்குள்ள மாத்திர முடியுமா கண்ணு? வாய்க்கால் வயலைக் குத்தகைக்கு விட்டுப் பதினெட்டு வருசம் ஆச்சு, இன்னும் அவங்ககிட்டதானே இருக்குது" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குத்தகை என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது நிலம். அதில் ஆண்டுக்கு இத்தனை மூட்டை, அல்லது இத்தனை ரூபாய் என்று பேச்சு இருக்கும். உழுகிறவருக்கு உரிமை உண்டு, எளிதில் எழுப்ப முடியாது. சாகுபடிக் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குள் எழுபது ஆண்டு வழக்கும் பஞ்சாயத்தும் இருக்கின்றன. ரவுட்டர் கொடுக்கும் முகவரியில் இவை எதுவுமே கிடையாது. காசு இல்லை, விளைச்சல் இல்லை, நெடுநாள் வைத்திருந்தால் வரும் உரிமையும் இல்லை. சொல் சரியாக இல்லாததால் அம்மாவின் கேள்வி தவறான திசைக்குப் போகவில்லை. சொல் சொன்ன திசைக்குத்தான் போனது. சொல்தான் தவறு.

வாடகைக்கும் அதே கதைதான், காசு உள்ளே வந்துவிடுகிறது. 'லீசு' என்றே விடலாம் என்ற நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் வீடு லீசுக்கு என்று பலகை தொங்கினால் அதற்குப் பொருள், மொத்தமாக ஒரு பெருந்தொகை கொடு, மாத வாடகை இல்லாமல் இரு, போகும்போது தொகையைத் திருப்பி வாங்கிக்கொள் என்பது. ஊர்ப்பக்கம் அதையே ஒத்தி என்பார்கள், போக்கியம் என்பார்கள். ஆக, லீசு தமிழுக்குள் வந்து ஏற்கனவே வேறொரு வேலையில் இருக்கிறது.

சரி, அம்மாவிடம் மறுபடி முயன்றேன். "அந்த நம்பர் கேமராவுக்குச் சொந்தம் இல்லைம்மா, இரவல் வாங்கினது" என்றேன். "அப்படிச் சொல்லு. இரவல் வாங்கினதை நான் வாங்கிட்டு வந்துட்டனாக்கும்" என்றார். அவ்வளவுதான். உடைமை ரவுட்டருடையது, கையில் இருப்பது கொஞ்ச காலம், ஒருவர் கையை விட்டால் அடுத்தவருக்குப் போகலாம் என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் வந்து விழுந்தன. எனக்குக் கலைச்சொல் என்றால் இதுதான். கோளாறு வரும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லே காட்ட வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த காரணம் நூலகம். இலங்கை நூலகங்களில் 'இரவல் வழங்கும் பகுதி' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் பக்கமும் நூல் இரவல் என்பது பழகிய பேச்சு. நூலகத்தில் புத்தகம் எடுக்கும் முறையையும் டிஎச்சிபி வேலை செய்யும் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போய்க் கேட்கிறோம், இருப்பதைக் காட்டுகிறார்கள், இது வேண்டும் என்கிறோம், பதிந்து கொடுக்கிறார்கள். டிஎச்சிபியிலும் இதே நான்கு செய்திகள்தான் போய் வருகின்றன. புத்தகத்துக்குத் திருப்ப வேண்டிய நாள் உண்டு, முகவரிக்கும் உண்டு. வேண்டுமென்றால் நாள் முடியும் முன் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். கருவிகளும் அதையே செய்கின்றன. 1997 மார்ச்சில் வெளிவந்து இன்றும் புழங்கும் நெறிமுறை வரையறையின்படி, காலத்தில் பாதி கழிந்ததும் கருவி கொடுத்தவரிடமே போய்ப் புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் இல்லாவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், கொடுத்தவர் என்று பார்க்காமல் வலையமைப்பில் யாராவது இருக்கிறீர்களா என்று எல்லாரிடமும் கேட்கிறது. 24 மணி நேரத்துக்கு வாங்கிய முகவரி என்றால் முதல் கேட்பு 12-ஆம் மணியில், அடுத்த கட்டம் 21-ஆம் மணியில். யாரும் தராவிட்டால் முகவரியை விட்டுவிட வேண்டியதுதான்.

இதனால் மற்ற சொற்கள் தாமாகவே வந்து சேர்கின்றன. முகவரி இரவல், இரவல் முகவரி, இரவல் தருதல், பெறுதல், புதுப்பித்தல், திருப்புதல். கால அளவுக்கு 'இரவல் கெடு' என்கிறேன். கெடு என்றால் கெட்டுப்போவது போல இருக்கிறது, தவணை என்று வைக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். தவணை என்றதும் இங்கே மாதாமாதம் கட்டும் கடன்தான் நினைவுக்கு வரும். 'ஒரு வாரம் கெடு கொடுத்திருக்கிறேன்' என்று எல்லாரும் பேசுகிறோம், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ரவுட்டர் பக்கத்தில் 'கெடு முடிய 3 மணி 12 நிமிடம்' என்று எழுதியிருந்தால் முதல் தடவை பார்க்கிறவருக்கே புரியும்.

ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடு என்று ரவுட்டரிலேயே எழுதி வைப்பதற்கு 'ஒதுக்கீடு' போதும். இட ஒதுக்கீடு எல்லார் வாயிலும் உள்ள சொல். அன்று ராத்திரியே கேமராவின் மேக் முகவரியைக் கொடுத்து 7-ஐ அதற்கு ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கரண்ட் பல தடவை போய் வந்தாகிவிட்டது, படம் நிற்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒதுக்கிய முகவரியும் இரவல்தான், கேமரா ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்குகிறது. கேமராவுக்குள்ளேயே போய் முகவரியை எழுதி வைத்தால்தான் அது 'நிலை முகவரி'. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வரும் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரவலில் பிச்சை வாடை அடிக்கிறது என்று ஐயா ஒருவர் தனிமடலில் எழுதினார். இரத்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல் என்பது உண்மை. ஆனால் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் சேர்த்தேதான் தொல்காப்பியம் இரவின் கிளவி என்கிறது. தாழ்ந்தவர் ஈ என்பார், ஒத்தவர் தா என்பார், உயர்ந்தவர் கொடு என்பார். உயர்ந்தவர் கேட்டாலும் அது இரவுதான். பக்கத்து வீட்டில் இட்லிக் கொப்பரை இரவல் வாங்குகிறவரை யாரும் தாழ்வாக நினைப்பதும் இல்லை.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது, அதை மறைக்க விரும்பவில்லை. டிஎச்சிபியின் விரிவில் வரும் 'ஹோஸ்ட்' என்பதற்குப் புரவலன் என்று பலர் எழுதி வருகிறோம். நம் பழைய இலக்கியத்தில் புரவலன் கொடுப்பவன், இரவலன் கேட்டு வருபவன். டிஎச்சிபியிலோ ஹோஸ்ட் என்பது முகவரி கேட்டு வரும் கேமராதான். ஆக, புரவலன் இரவல் கேட்டுப் போகிறான் என்று எழுத வேண்டியிருக்கும். தமிழ் படித்த எவருக்கும் இது நெருடும், எனக்கும் நெருடுகிறது. ஆனால் யோசித்தால் தவறு இரவலில் இல்லை. வலையமைப்பில் ஹோஸ்ட் என்றால் அதில் இருக்கும் ஏதோ ஒரு கருவி, விருந்தோம்பலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த இடத்தில் புரவலனை எடுத்துவிட்டுக் 'கருவி' என்றே எழுதலாம். இணையதளத்துக்கு இடம் கொடுத்துப் பேணுபவரைப் புரவலர் என்பது பொருத்தம், அது இருக்கட்டும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், நான் கேட்கக் காத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. இரவல் தர யாருமே கிடைக்காதபோது கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்கிறது. கேமரா தெரியவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, உங்கள் கணினியின் முகவரி 169.254-இல் தொடங்குகிறதா என்றுதான். ஆம் என்றால் கேமராவைத் தொடவே வேண்டாம், கணினிக்கே இரவல் கிடைக்கவில்லை, ரவுட்டரைப் பார்க்க வேண்டும். இதைத் 'தற்சூட்டு முகவரி' என்று என் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஒட்டவில்லை. அம்மாவிடம் சொல்லக்கூடிய ஒரு சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.

அன்புடன்,
கோபியிலிருந்து