ஸ்மால் மாடுலர் ரியாக்டர்: ‘பொருத்துலை’ எனலாமா?

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். ஸ்மால் மாடுலர் ரியாக்டருக்கு, சுருக்கமாக எஸ்.எம்.ஆருக்கு, பத்திரிகைகள் ‘சிறிய அணு உலை’ என்றே எழுதுகின்றன. பன்னாட்டு அணுசக்தி முகமைக் கணக்கில் 300 மெகாவாட் வரை சிறியதுதான். ஆனால் கல்பாக்கத்தில் எண்பதுகளில் ஓடத் தொடங்கிய இரண்டு உலைகளும் தலா 220 மெகாவாட். அவற்றை யாரும் எஸ்.எம்.ஆர். என்பதில்லை, தளத்திலேயே ஆண்டுக்கணக்கில் எழுப்பியவை அவை. ஆலையில் செய்து, ஏற்றிவந்து, இடத்தில் மாட்டுவது என்ற பொருள் ‘மாடுலர்’ என்பதில் இருக்கிறது. அதற்குத்தான் சொல் வேண்டும்.

அலகு? ‘கூடங்குளம் முதல் அலகு’ என்று அது எப்போதோ போய்விட்டது. தொகுதி என்றால் தேர்தல் ஞாபகம் வரும். கூறு என்றால் சந்தைக் கத்தரிக்காய். நம் வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்கிறோமே, ‘கட்டுலை’ எப்படி?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, கட்டு சரிவராது. இரண்டாம் கட்டை யாரும் லாரியில் கொண்டுவந்து இறக்கவில்லை, கொத்தனார் அங்கேயே எழுப்பினார். ஆத்தங்குடிக் கல்தான் இதற்கு ஒப்பு. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது பட்டறையில், பதிப்பது வீட்டில். ஒரு கல் அளவு பிசகினால் வரிசையே கோணும்.

அமெரிக்க நிறுவனமான நியூஸ்கேலின் வடிவமைப்பில் ஒரு மாட்யூல், அதாவது ஆலையில் செய்யும் ஓர் உலை, சுமார் 23 மீட்டர் உயரம், 4.6 மீட்டர் விட்டம், 77 மெகாவாட். உலைக்கலனும் நீராவி ஆக்கியும் ஒரே கூட்டுக்குள். அதுவும் முழுசாக வராது, மூன்று துண்டாக வந்து தளத்தில் சேரும். ஆக ‘பொருத்து’தான் வேர். இரும்பு உருக்கும் ஊதுலை இருக்கிறதே, அதே வாய்பாட்டில் பொருத்துலை.

கானாடுகாத்தானிலிருந்து:

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பக்கம் ‘அடுப்பைப் பொருத்து’ என்றால் பற்றவை என்று பொருள். பொருத்தியதை அணைக்கலாம் என்று படிப்பவர் நினைப்பார். அணு உலை அப்படி அணையாது. அணுக்கள் பிளப்பதை நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்திறனில் 6 சதவீதத்துக்குமேல் மிஞ்சும். ஒரு மணி நேரம் கழித்தும் 1.5 சதவீதம் போல இருக்கும். 250 மெகாவாட் வெப்ப உலை என்றால் நிறுத்தியதுமே 15 மெகாவாட்டுக்குமேல் சூடு. அதை வெளியேற்ற வழியில்லாவிட்டால் எரிபொருள் உருகும். புக்குஷிமாவில் நடந்தது அதுதான்.

அண்ணே, ‘சிறு’வையும் தள்ளாதீர்கள். அண்டாச் சோறு மணிக்கணக்கில் ஆறாது, கிண்ணத்துச் சோறு சட்டென ஆறும். கொள்ளளவைப் பார்க்க மேற்பரப்பு கிண்ணத்துக்குத்தான் அதிகம். சீனாவின் ஷிடாவ் பே உலைகள் ஒவ்வொன்றும் அந்த 250 மெகாவாட் வெப்பம்தான். எரிபொருள் 6 சென்டிமீட்டர் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சிலிக்கன் கார்பைடு உறையிட்ட யுரேனிய மணிகள் ஆயிரக்கணக்கில். 2023-இல் இரண்டிலும் குளிர்விப்பை நிறுத்திச் சோதித்தார்கள். தானாகவே ஆறின.

தேவகோட்டையிலிருந்து:

‘சிறு’ இருக்கட்டும். மற்றதற்குப் பதில்: அடுப்பைப் பொருத்துவோம், உலையை வைப்போம். ‘உலையைப் பொருத்து’ என்று எந்த ஆச்சியும் சொன்னதில்லை. மயக்கம் வராது.

காரைக்குடியிலிருந்து:

அடுப்பங்கரைச் சான்றுக்குமேல் எனக்குச் சான்று வேண்டாம். சிறு பொருத்துலை. விளக்கத்தில் ‘மலிவானது’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். கொள்திறன் இரட்டித்தால் செலவு ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது பொறியாளர்களின் பழைய கைக்கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால், 1000 மெகாவாட் உலை ஒன்றுக்குப் பதில் 250 மெகாவாட்டில் நான்கு வைக்க ஏறக்குறைய 1.8 மடங்கு செலவு. ஒரே அச்சில் வரிசையாகச் செய்தால்தான் அது இறங்கும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் அமையவிருந்த நியூஸ்கேல் திட்டத்தில், ஒரு மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்று சொன்ன விலை 89 டாலராக ஏறியது. 2023 நவம்பரில் கைவிட்டார்கள்.

தனி மாட்யூலைப் ‘பொருத்தி’ எனலாம். எண்ணவும் வசதி: அந்தத் திட்டத்தில் 6 பொருத்திகள், 462 மெகாவாட். ‘பொருத்தம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், ஜாதகத்தைக் கேட்பார்கள்.