8 பின் ட்யூபுலர் லாக்குக்கு டூல் எப்படி தேடறது?

பூட்டுப்பைத்தியம்:
வணக்கம் மக்களே. பழைய சாமான் விக்கிற எடத்துல இருந்து மூணு ட்யூபுலர் லாக் வாங்கினேன், அதான் வெண்டிங் மெஷின்ல இருக்குமே, வட்டமா குழாய் மாதிரி சாவி போடுற டைப். மூணுக்கும் சாவி கிடையாது, எதுலயும் மாட்டியும் இல்ல, சும்மா மேஜை மேல உருண்டுட்டு கெடக்கு. எங்கிட்ட இருக்கிறது 7 பின் பிக் ஒண்ணு (பின்னுன்னா லாக்குக்குள்ள ஸ்பிரிங் மேல நிக்கிற சின்ன உருளை, பிக்னா சாவி இல்லாம தெறக்கிற டூல்). முதல் லாக் அஞ்சு நிமிஷத்துல சுத்திடுச்சு. ரெண்டாவது எண்ணிப் பாத்தா 8 பின், அதுக்கு தேடித் தேடி அலுத்துட்டேன், எங்க பாத்தாலும் 7 பின் டூல்தான் வருது. மூணாவதுதான் மண்டை காயுது, அதுவும் 7 பின்தான், ஆனா டூல் உள்ளயே போக மாட்டேங்குது, மேல இரும்புல போய் முட்டி நிக்குது. டூல்தான் மட்டமானதா, இல்ல நான் ஏதாவது தப்பு பண்றேனா?

காலிபர்_கை:
மொதல்ல அளந்தீங்களா? பின் எண்ணிக்கை மட்டும் பாத்து டூல் வாங்குனா இப்படித்தான் ஆகும். வட்டக் குழியோட வெளி விட்டம், நடுத்தண்டோட விட்டம், ரெண்டும் வேணும். சாதாரணமா கிடைக்கிற செட்லயே 7.0, 7.5, 7.8 மிமீன்னு மூணு சைஸ் வருது. 7.8 டூலை 7.0 லாக்குல வெச்சா முட்டத்தான் செய்யும். அளந்துட்டு வந்து நம்பரைப் போடுங்க.

குழல்சாவி:
மேல சொன்னது சரி, ஆனா மூணாவது லாக்குல இன்னொரு சந்தேகம் இருக்கு. டூல் குழிக்குள்ள கொஞ்சம் எறங்கி அப்புறம் முட்டுதா, இல்ல வாயிலயே நிக்குதா? கொஞ்சம் எறங்குதுன்னா அது சைஸ் பிரச்சனை இல்ல, ஆஃப்செட் லாக்கா இருக்கும். நடுத்தண்டுல ஒரு வெட்டு இருக்குமே, சாவியோட உள்முளை போய் உக்கார்ற எடம், அதை வெச்சுப் பாத்தா சாதாரண லாக்குல பின் வரிசை அந்த வெட்டுக்கு ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கும், ஆஃப்செட்ல மொத்த வரிசையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ கொஞ்சம் திரும்பி இருக்கும். உங்க டூலோட கம்பி எல்லாம் பின் மேல உக்காராம ரெண்டு பின்னுக்கு நடுவுல இருக்கிற இரும்புல இடிக்குது, அவ்வளவுதான். கண்டுபிடிக்க ஈஸி, கொஞ்சம் களிமண்ணை லாக் முகத்துல அழுத்தி எடுங்க, வெட்டும் பின்னும் அச்சா விழும், முதல் லாக்கோட அச்சு பக்கத்துல வெச்சா தெரிஞ்சுடும்.

8 பின்னுக்கு டூல் செய்றவங்க இருக்காங்க, 10 பின்னுக்கும் உண்டு, ஆனா பூட்டு வேலை பாக்குறவங்களுக்கு விக்கிற கடையில தேடணும், பொதுவான ஷாப்பிங் சைட்ல தேடினா 7தான் வரும். வாங்கறப்ப நான் பாக்குறது ஒண்ணுதான்: கம்பியோட இறுக்கத்தை நாமளே மாத்த முடியுதா. இந்த டூலோட சூட்சுமமே அதுலதான் இருக்கு. ஸ்பிரிங் தள்ளுனா கம்பி நகரக்கூடாது, ஆனா திருகும்போது மாட்டிக்கிட்ட பின் தள்ளுனா நகரணும். ரப்பர் வளையம் மட்டும் போட்ட டூல்ல அந்த சரியான இறுக்கம் சிக்கறது கஷ்டம். சில லாக்குல வேணும்னே ஒவ்வொரு பின்னுக்கும் வேற வேற பலத்துல ஸ்பிரிங் போட்டிருப்பாங்க, அதுல நல்ல டூலே தடுமாறும்.

இதே தத்துவம்தான் 2004ல கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டுல நடந்தது. பிக் (Bic) கம்பெனி பேனாவோட பிளாஸ்டிக் குழாயை அழுத்தித் திருப்புனா தெறந்துக்கிச்சு, பின் எல்லாம் பிளாஸ்டிக்ல தானே அச்சு பதிச்சுக்கிச்சு. கிரிப்டோனைட் கம்பெனி இலவசமா பூட்டு மாத்திக் கொடுத்துச்சு. (பிக் பண்ண பிக் பேனா, யாரும் சிரிக்கல, சரி.)

ஒத்தைக்கம்பி:
எல்லாரும் டூல் டூல்ங்கிறீங்க. 8 பின்னுக்கு டூல் கிடைக்கலன்னா ஒவ்வொரு பின்னா பண்ணலாமே? நடுவெட்டுல மாட்டுற மாதிரி ஒரு டென்ஷன் துண்டு (லாக்கைத் திருகுற மாதிரி லேசா அழுத்தம் கொடுக்க), ஒரு மெல்லிசான கம்பி, போதும். கஷ்டம் என்னன்னா ஒரு தடவை தெறந்தா முடியாது, பின் எல்லாம் வட்டத்துல இருக்கிறதால கொஞ்சம் சுத்துனதும் அடுத்த ஓட்டையில விழுந்து திரும்ப பூட்டிக்கும். 8 பின்ல 45 டிகிரிக்கு ஒரு தடவை. முழு சுத்துக்கு எட்டு தடவை, விரல் செத்துடும். பாதியில விட்டா ஒரிஜினல் சாவியும் உள்ள போகாது, அதனால மாட்டியிருக்கிற லாக்குல இதை ட்ரை பண்ணவே பண்ணாதீங்க, நான் பண்ணி வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

காலிபர்_கை:
@ஒத்தைக்கம்பி எட்டு தடவைக்கு பதிலா சாவியே வெட்டலாம். லாக் முகத்துல நம்பர் அடிச்சிருக்கான்னு பாருங்க, சிலதுல அதை வெச்சே பூட்டுக்காரர் சாவி போட்டுருவார், சொந்த லாக்னு காட்டணும். ஆனா இவருக்கு சாவி வேணாம், தெறக்கிற சொகம்தான் வேணும் போல.

பூட்டுப்பைத்தியம்:
@காலிபர்_கை அதேதான் ப்ரோ 😀 அளந்தேன், மூணுமே 7.8தான். களிமண் இல்ல, பையனோட விளையாட்டு மாவுல அச்சு எடுத்தேன். @குழல்சாவி சொன்ன மாதிரியே மூணாவது லாக்குல வரிசை இடப்பக்கம் திரும்பி இருக்கு, அநியாயமா டூலைத் திட்டிட்டேன். இப்ப அதுல ரெண்டு பின்னுக்குள்ள மாவு போய் அடைச்சுக்கிச்சு, கம்பியால நோண்டுனா இன்னும் உள்ள போகுது. இதை எப்படி எடுக்கிறது?

குழல்சாவி:
நோண்டாதீங்க. நல்லா காய விட்டு ஏர் அடிங்க. மாவைச் சொன்னேனா நான்?

பூட்டுப்பைத்தியம்:
சொல்லல 🙏