அடைக்கோழிக் கூட்டுக்கு அடியில் பள்ளம், வழி சொல்லுங்கள்

எங்கள் கோழி அடையில் உட்கார்ந்து இன்றோடு 14 நாள். குஞ்சு பொரிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நேற்றுக் காலையில் பார்த்தால், கம்பிவலைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பள்ளம், ஓரமெல்லாம் ஈரமண். கீரி வேலையாகத்தான் இருக்கும். மரநாய் என்றால் கூரைப் பக்கம் பார்த்திருக்கும்.

நாயைப் பக்கத்தில் கட்டிப் பார்த்தேன். அது குரைத்த குரைப்பில் கோழியே முட்டையை விட்டு எழுந்துவிட்டது, ஆட்டுக்குட்டிகளும் மிரண்டன. நல்ல காவல்! பொறி, விஷம் வைக்க மனசில்லை. எலியையும் பாம்பையும் பிடிப்பது அதே கீரிதானே.

வலையை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும்? வெளிப்பக்கமாக மடித்துப் பரப்பினால் போதுமா? அப்புறம், அடைக்கோழியை இப்போது இடம் மாற்றினால் மறுபடி உட்காருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.