மறுமொழி: பரம்பரை வீக்கத்துக்கு "மரபுக் கசிவீக்கம்"னு வைக்கலாமா?

ஐயாவுக்கும் மத்த எல்லாருக்கும் வணக்கம்.

நோய்ப் பேருங்களத் தமிழாக்குற இந்தப் பேச்சுல, உதடு, மூஞ்சி, குடல், தொண்டைன்னு திடீர்னு வீங்குற ஆஞ்சியோஎடிமாவுக்கு ஐயா "குருதிக்குழல் வீக்கம்"னு எழுதியிருந்தீங்க. படிக்கிறவங்க ரத்தக்குழாயே வீங்குதுன்னு நெனச்சுக்குவாங்களேன்னுதான் எனக்கு கவல. பரம்பரையா வர்ற வகைல குழாய் வீங்கல, பிராடிகைனின்ங்கற வேதிப்பொருள் அளவுக்கு மீறி உண்டாகி குழாய் சுவரு எளகிப்போய் நீர் தோலுக்கு அடியில கசியுது, அதனால "கசிவீக்கம்"னு வச்சா என்ன? ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகைதான்.

என் அக்கா பொண்ணுக்கு இந்தப் பரம்பரை வகை இருக்கு. மொத தடவ கடலூர் பழைய டவுன்ல எங்க வீட்டுலதான் வந்துச்சு, ராத்திரி படுக்கும்போது உதட்டுல லேசா ஒரு இறுக்கம், விடியறப்ப மேல் உதடு மூக்கத் தொடுற அளவுக்கு வீங்கி பாதி மூஞ்சி அதச்சுப் போச்சு, ஆனா அரிப்பும் இல்ல தடிப்பும் இல்ல. அம்மா காணாக்கடின்னு வேப்பில அடிச்சாங்க. ஆஸ்பத்திரில அலர்ஜின்னு ஊசி போட்டாங்க, கேக்கல, மூணாம் நாள் தானா வடிஞ்சுது. ரெண்டு பேருமே தப்பான பேர வச்சுக்கிட்டுதான் வைத்தியம் பாத்தாங்க. இதுக்கு அலர்ஜிய உண்டாக்குற ஹிஸ்டமின்ங்கற பொருள் காரணம் இல்லங்கறதால அலர்ஜி மருந்து வேல செய்யாது. குடல்ல வந்தா குடல்வால்னு நெனச்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடுது, தொண்டைல வந்தா உயிருக்கே ஆபத்து.

இன்னொருத்தர் சொன்ன "தடுப்பாற்றல் வீக்கம்" வேணவே வேணாம், இம்யூனிட்டி கெட்டு உடம்பு தன்னத்தானே தாக்குற ஆட்டோஇம்யூன் நோய்னு நெனச்சுக்குவாங்க. 1888லயே ஆஸ்லர்ங்கற டாக்டர் இது குடும்ப வழியா வருதுன்னு எழுதிட்டாரு, சி1 இன்ஹிபிட்டர்ங்கற புரதக் கொறைன்னு 1963ல கண்டுபிடிச்சாங்க. ஆக இது ஆட்டோஇம்யூன் நோய் இல்ல. ஆனா இந்த வீக்கம் இருக்கறவங்கள்ல சிலருக்கு லூபஸ், தைராய்டு அழற்சி, சிறுநீரக அழற்சி மாதிரி ஆட்டோஇம்யூன் நோயெல்லாம் கூடவே வருது, 1986ல வந்த ஒரு ஆய்வுல 157 பேர்ல 19 பேருக்கு இந்த மாதிரி இருந்துச்சு. சி1 இன்ஹிபிட்டர் கொறைஞ்சதால சி4ங்கற இன்னொரு புரதம் சும்மாவே செலவாகிட்டு இருக்கு, செத்துப்போன செல் குப்பைய அள்ளுறதுல அதுக்கும் பங்கு உண்டு, அள்ள ஆள் இல்லாம குப்பை தேங்கி உடம்பு தன் மேலயே பாயுதுன்னு விளக்கம் சொல்றாங்க. நடுவயசுக்கு மேல வர்ற இன்னொரு வகையும் இருக்கு, அதுல பரம்பரை எதுவும் கெடையாது, சி1 இன்ஹிபிட்டருக்கு எதிராவே சிலருக்கு உடம்பு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கிடுது. அதனாலதான் முன்னாடி "மரபு" கண்டிப்பா வேணும்னு சொல்றேன்.

ஆட்டோஇம்யூனுக்கு "தன்னெதிர்ப்பு" புழக்கத்துல இருக்கு, தெரியும். ஆனா கொரோனாவுக்கு அப்பறம் எதிர்ப்புன்னாலே ஜனங்களுக்கு கபசுரக் குடிநீர்தான் ஞாபகம் வருது. பொண்ணுக்கு போன வருஷம் லூபஸ்னு சொன்னப்ப "எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னா நல்லதுதானடா"ன்னு அக்கா என்னயக் கேட்டாங்க. உடம்பு தன்னத்தானே தாக்குதுக்கான்னு சொன்னதும் ஒண்ணும் பேசல, புரிஞ்சிருச்சு. அதனால ஆட்டோஇம்யூனுக்கு "தன்தாக்கு நோய்"னு வைக்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்கு தீரல. இன்ஹிபிட்டருக்கு "தடுப்பான்", இம்யூனிட்டிக்கு "தடுப்பாற்றல்", ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா நோயாளி கொழம்பிடுவாங்க. "சி1 அடக்கி"ன்னு போடலாமா? நர்ஸ் வேலைல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.