10 வயது மகளுக்கு இரண்டு குதிகாலிலும் வலி, ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்தியே ஆக வேண்டுமா?

பீம்_அம்மா

என் மகளுக்கு 10 வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. சென்னையில் வாரம் 5 நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி. ஜூன் கடைசியில் வலது குதிகால் வலிக்கிறது என்றாள், இப்போது இரண்டும். எங்கேயும் விழவில்லை, வீக்கம் இல்லை, சிவக்கவும் இல்லை. காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், பள்ளிக்கும் ஓடுகிறாள். பயிற்சி முடிந்து வெளியே வரும்போதுதான் தெரியும், வண்டி நிறுத்தியிருக்கும் இடம் வரைக்கும் வெயிலில் சுட்ட தார்ரோட்டில் செருப்பில்லாமல் வருகிறவளைப் போல முன்பாதத்திலேயே நடந்து வருவாள்.

ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு குதிகால் எலும்பின் ஓரம் துண்டு துண்டாகத் தெரிகிறது, மூன்று மாதம் காலைத் தரையில் வைக்காமல் ஓய்வு என்றார். இன்னொருவர் ஒன்றுமில்லை என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோச் "வளர்ற வலி, பழகிடும்" என்கிறார். மாமியார் தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறார், அவள் அதை மட்டும்தான் விரும்புகிறாள். டிசம்பரில் போட்டி. யார் சொல்வதைக் கேட்பது?

மதுரைக்காரன்_77

குதிமுள்ளாக இருக்கும் அக்கா. எனக்கும் இருந்தது, ஒரு ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது.

பிசியோ_தங்கச்சி

ஐயோ, தயவுசெய்து ஊசிப் பக்கம் போகாதீர்கள். பெரியவர்களுக்கு வருகிற குதிகால் வலி வேறு, அது காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். உங்கள் மகளுக்குக் காலையில் ஒன்றுமில்லை, ஆடி முடித்த பிறகுதான் வலி. பத்து வயதில் இப்படி என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சீவர்ஸ் நோய். 1912-ல் அமெரிக்காவில் சீவர் என்ற எலும்பு மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். நோய் என்று பெயரில் இருக்கிறதே தவிர இது நோய் இல்லை.

நடப்பது இதுதான். குழந்தைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பக்கம் தனியாக ஒரு துண்டு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் வளரும் குருத்தெலும்பு. பதினைந்து வயதை ஒட்டித்தான் அது முழுசாக ஒட்டி ஒரே எலும்பாகும். கெண்டைக்கால் தசை குதிநாண் வழியாக வந்து பிடித்திருப்பது சரியாக அந்தத் துண்டில்தான். குழந்தை சட்டென்று உயரும்போது எலும்பு முன்னால் ஓடிவிடும், தசை பின்தங்கும், கெண்டைக்கால் கயிறு மாதிரி இறுகும். அந்த நேரத்தில் ஒவ்வொரு குதிப்பும் அந்த இளம் இடத்தைப் பிடித்து இழுக்கிறது, ஒவ்வொரு லேண்டிங்கும் கீழேயிருந்து இடிக்கிறது. ஜிம்னாஸ்ட்டுக்கு இது இன்னும் கஷ்டம், கால்பந்து ஆடுகிற பையனுக்காவது ஷூ இருக்கிறது, இவர்களுக்கு வெறுங்கால்.

எக்ஸ்ரேயில் துண்டு துண்டாகத் தெரிந்ததற்குப் பயப்பட வேண்டாம். இந்த வயதில் வலியே இல்லாத குழந்தைக்கு எடுத்தாலும் அப்படித் தெரியலாம், வெள்ளையாக அடர்த்தியாகக்கூட தெரியும். எக்ஸ்ரே எடுப்பதே முறிவு மாதிரி வேறு எதுவும் இல்லை என்று பார்க்கத்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவளைக் குப்புறப் படுக்க வைத்து, குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் எலுமிச்சம்பழம் பிழிவது போல மெதுவாக அழுத்துங்கள். அடியில் இல்லை, பக்கவாட்டில். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் என்ன எழுதுங்கள்.

பீம்_அம்மா

இழுத்துக்கொண்டாள். வலதில் கத்தியேவிட்டாள்.

பிசியோ_தங்கச்சி

அப்படியென்றால் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் விளையாட்டுக் காயங்கள் பார்க்கிற எலும்பு மருத்துவர் ஒருவரிடம் நேரில் ஒருமுறை காட்டிவிடுங்கள், நான் எழுத்தைப் படித்துத்தான் சொல்கிறேன். இரவில் வலியால் எழுந்தாலோ, காய்ச்சல், வீக்கம், சிவப்பு இருந்தாலோ, விழுந்த பிறகு குதிகாலை ஊன்றவே முடியாவிட்டாலோ, காலையில் மூட்டெல்லாம் வெகுநேரம் இறுகிக் கிடந்தாலோ காத்திருக்காமல் போங்கள்.

மூன்று மாதம் முழு ஓய்வு எல்லாருக்கும் தேவைப்படாது. வலிக்கிற வேலையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். நொண்ட ஆரம்பித்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டுவிட்டுக் குதிக்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், வலிதான் அவளுக்கு இருக்கிற ஒரே அளவுகோல்.

பழைய_ஜிம்னாஸ்ட்

எனக்கு 11 வயதில் இதே கதை, ஒன்றரை வருடம் விட்டு விட்டு வந்தது. அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் பயிற்சியில் ஓரமாக உட்கார்ந்து, அவள் கால் தரையில் வந்து இறங்குவதை எல்லாம் நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னால் எந்த கோச்சும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். எண் காட்டினால் கதை வேறு.

பார்ஸ், அதாவது கம்பியில் தொங்கிச் செய்வது, முழுக்கச் செய்யலாம், கடைசியில் குதித்து இறங்காமல் இருந்தால் சரி. ஹேண்ட்ஸ்டாண்ட், வயிற்றுப் பயிற்சி, ஸ்ப்ளிட், பீம் என்கிற ஒடுக்கமான கட்டையின் மேல் நடை, திருப்பம், எல்லாம் ஓடட்டும். ஃப்ளோரில் டம்பிளிங்கும் (கரணம் அடிப்பது) வால்ட்டும்தான் (ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டுவது) எதிரி, செய்தே ஆக வேண்டுமென்றால் தடி மெத்தையின் மேல். நான் பார்ஸில் தேறியதே அந்த ஒன்றரை வருடத்தில்தான்.

பீம்_அம்மா

எண்ணினேன். 3 மணி நேரத்தில் 640! நான் நம்பவில்லை, அடுத்த நாளும் உட்கார்ந்தேன், அறுநூறுக்குக் குறையவில்லை. அதில் டம்பிளிங், வால்ட் எல்லாம் சேர்த்தே நூற்றைம்பதைத் தாண்டவில்லை. மீதியில் பெரும்பகுதி என்ன தெரியுமா, உள்ளே போவதற்கு முன்னால் வராந்தா சிமென்ட் தரையில் வெறுங்காலோடு போடுகிற ஸ்கிப்பிங், 400. வார்ம்அப்பாம்.

பிசியோ_தங்கச்சி

பிடித்துவிட்டீர்கள். ஸ்கிப்பிங்கில் குதிகால் தரையையே தொடவில்லையே என்று கோச் சொல்வார். தொட வேண்டாம், முன்பாதத்தில் எம்பும் ஒவ்வொரு தடவையும் குதிநாண் அந்த இடத்தைத்தான் இழுக்கிறது. அதற்குப் பதில் சைக்கிளோ, தரையில் படுத்துச் செய்கிற வார்ம்அப்போ கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். முழங்கால் நேராக 30 விநாடி, பிறகு அதே நிலையில் முழங்காலை மடக்கி 30 விநாடி. இரண்டும் வேண்டும், கெண்டைக்காலில் இரண்டு தசை இருக்கிறது, நேராக வைத்தால் ஒன்று, மடக்கினால் மற்றது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை, காலை மாலை. கெண்டையில் இழுக்க வேண்டும், குதிகாலில் வலித்தால் சாய்வதைக் குறையுங்கள்.

பள்ளி ஷூவில் சிலிக்கான் ஹீல் கப், ஒரு கால் அதிகம் வலித்தாலும் இரண்டிலும் போடுங்கள். பயிற்சியில் ஷூ போட முடியாது, அதற்குக் குதிகாலில் ஜெல் வைத்துத் தைத்த கணுக்கால் உறை கிடைக்கிறது, ஆன்லைனில் தேடுங்கள். அப்புறம் வீட்டுக்குள் வெறுங்காலில் டைல்ஸ் மேல் நடப்பதை நிறுத்துங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ், துணி சுற்றி, 15 நிமிடம்.

பீம்_அம்மா

வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுச் செருப்பு, வாசல் தாண்டாது என்று சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தார், அதுவும் பூஜை அறைப் பக்கம் கூடாது. எண்ணெய் தேய்ப்பது?

பிசியோ_தங்கச்சி

கெண்டைக்காலில் தாராளமாகத் தேய்க்கட்டும், நல்லதுதான். குதிகாலைப் போட்டு அழுத்த வேண்டாம். பாட்டியிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிவிடாதீர்கள்.

பீம்_அம்மா (ஆறு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நேரில் பார்த்த மருத்துவரும் சீவர்ஸ்தான் என்றார். நோட்டைப் பார்த்த கோச் முதலில் முறைத்தார், பிறகு அவரே ஸ்கிப்பிங்கை எடுத்துவிட்டு லேண்டிங்கை 80-க்குள் வைத்துக்கொண்டார். நாலாவது வாரம் வலி இல்லை. அழுத்திப் பார்த்தாலும் சிரித்தாள். சரி என்று சனிக்கிழமை முழுப் பயிற்சிக்கு அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி முன்பாதத்தில் நடக்கிறாள். என் தப்பு.

பழைய_ஜிம்னாஸ்ட்

எல்லாரும் செய்கிற தப்பு அது. 80-லிருந்து வாரத்துக்குப் பத்து இருபதாகத்தான் ஏற வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். டிசம்பரில் பார்ஸும் பீமும் மட்டும் ஆடட்டும். அப்புறம், அந்த இடம் ஒட்டும் வரை ஒவ்வொரு தடவை சட்டென்று உயரும்போதும் இது எட்டிப் பார்க்கும், அதனால் மாதம் ஒருமுறை கதவு நிலையில் உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு வேகமாக ஏறினால் வலி வருவதற்கு முன்பே லேண்டிங்கைக் குறைத்துவிடலாம்.

பீம்_அம்மா

இன்றைக்கே குறித்தேன். பள்ளி ஹெல்த் கார்டில் ஜூனில் 134 செ.மீ. என்று இருக்கிறது. கதவில் இப்போது 137.5.