பண்ணை வீட்டு ஜன்னலில் இருந்து எழுதியதுதானா ருஷ்ய இலக்கியம்?

நெய்தல்வாசி:
துர்கனேவின் ‘முமு’ கதையை மறுபடி படித்தேன். வாய் பேசாத காவலாள் கெராசிம், எஜமானி உத்தரவு போட்டதால் தான் வளர்த்த நாயைத் தானே ஆற்றில் முக்கிக் கொல்கிறான். எல்லோரும் அழுகிறோம், சரி. எழுதியவர் யார்? ஸ்பாஸ்கோயே பண்ணையில் ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளை வைத்திருந்த அம்மாவின் பிள்ளை. அந்த எஜமானியே அவர் அம்மாதான். டால்ஸ்டாயும் பிரபு வம்சம். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு வெளியே உழுகிறவனுக்காகக் கண்ணீர் விட்ட இலக்கியம் இது என்கிறேன்.

சித்திரைவெயில்:
வெளியே பார்த்தார்களே, அது கணக்கில் வராதா? 1852இல் எழுத்தாளர் கோகோல் இறந்தபோது அஞ்சலிக் குறிப்பு எழுதினார் என்று துர்கனேவை ஒரு மாதம் காவலில் வைத்தார்கள். ‘முமு’வை எழுதியதே அந்தக் காவலில்தான். அப்புறம் சொந்தப் பண்ணைக்கே போய் இரு என்று அனுப்பிவிட்டார்கள்.

நெய்தல்வாசி:
சொந்தப் பண்ணைக்கு நாடுகடத்தல்! நல்ல தண்டனை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் கண்ணீரையே பேசுகிறீர்கள். நான் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குக் கோகோலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ (1842) அடமானக் கதை. ஆண் பண்ணையடிமைகளைத் தலையெண்ணி அரசு வரி போடும். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை செத்தவனும் ஏட்டில் உயிரோடு இருப்பான், பண்ணையார் அவனுக்கும் வரி கட்ட வேண்டும். கதாநாயகன் சிச்சிகோவ் அந்தச் செத்தவர்களை மலிவாக வாங்கி, உயிருள்ளவர்கள் மாதிரி காட்டி அரசிடம் அடகு வைக்கப் பார்க்கிறான். ஆளை அடகு வைப்பது அன்று சட்டப்படி நடந்த வியாபாரம். 1859 வாக்கில் தனியார் பண்ணையடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் அடமானத்தில் இருந்தார்கள். உங்கள் ஜன்னலே கடனில் இருந்தது, ஐயா.

நெய்தல்வாசி:
அடகு வைத்தவன் கடனாளி. அடகுப் பொருளாக இருந்தவனை என்னவென்று சொல்வது? கெராசிமுக்கே வருகிறேன். கதையில் அவன் நாயைக் கொன்ற கையோடு எஜமானியிடம் சொல்லாமல் ஊருக்கு நடந்து போய்விடுகிறான். நிஜத்தில் அந்தக் காவலாளின் பெயர் அந்திரேய். அவர் எங்கும் போகவில்லை, அந்த அம்மாளிடமே இருந்தார்.

சித்திரைவெயில்:
நீங்களே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். நிஜத்தில் நடக்காத அந்த நடையை மகன் எழுதினார். அம்மா செய்ததை அப்படியே எழுதியிருந்தால் அது வெறும் குடும்பக் குறிப்பு. அப்புறம், எல்லோரும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் இல்லை. செகாவின் தாத்தா பண்ணையடிமை. 1841இல் 3500 ரூபிள் கட்டிக் குடும்பத்தை விடுவித்தவர்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பேரன்தான் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில் கிழவன் ஃபீர்ஸை வைத்தார். அந்தக் கேட்டுக்கு முன்னாலும் ஆந்தை அலறியது, சமோவார் (தேநீருக்கு வெந்நீர் வைக்கும் பாத்திரம்) முனகியது என்பான் கிழவன். எந்தக் கேடு என்று கேட்டால் ‘விடுதலை’ என்பான். முதல்முறை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். 1861இல் பண்ணையடிமைகளுக்கு விடுதலை, ஆனால் நிலத்துக்கு அவர்கள் கட்ட வேண்டியது 49 வருடத் தவணை. 1907இல்தான் தள்ளுபடி. கிழவன் உளறவில்லை.

நெய்தல்வாசி:
செகாவை விட்டுவிடுகிறேன். டால்ஸ்டாயை விட மாட்டேன்.

சித்திரைவெயில்:
1856லேயே, சட்டம் வருவதற்கு 5 வருடம் முன்னால், தன் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவின் விவசாயிகளைக் கூப்பிட்டு விடுவிக்கிறேன் என்றவர் அவர்.

நெய்தல்வாசி:
அவர்கள் ஒத்துக்கொண்டார்களா? இல்லை. புது ஜார் சும்மாவே விடுதலை தரப்போகிறார், இவர் அதற்குள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த ஜன்னலை வெளியே நின்று பார்த்தவர்கள் அல்லவா!