மோட்டார் போட்டதும் போர்டு ரீசெட் ஆகிறது, வேறு எது வாங்கலாம்?

தாராபுரம் தோட்டம்: போர் மோட்டாரைப் போனிலிருந்து போட இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டு வைத்தேன். மோட்டார் எடுத்த உடனே போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. ஆர்டுயினோ ஊனோ வாங்கட்டுமா, ராஸ்பெர்ரி பை வாங்கட்டுமா? நாளைக்குக் கோயமுத்தூர் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்க.

பல்லடம் தறி: மோட்டார் எத்தனை எச்பி? என்ன ஸ்டார்ட்டர்? போர்டுக்கு 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது? ஒரு போட்டோ போடுங்க.

ஆனைமலைத் தோப்பு: வீட்டு வைஃபை போர் வரைக்கும் எட்டுகிறதா? ஊனோ ஆர்3-இல் வைஃபையே கிடையாது. எங்களுக்கு 700 மீட்டர் தூரம், அதனால் லோரா, அதாவது வைஃபையைவிட ரொம்பத் தூரம் எட்டுகிற ரேடியோ வைத்தோம். வாங்கினால் 865 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலாகப் பார்த்து வாங்குங்க, இந்தியாவில் லோராவுக்கு லைசென்ஸ் கேட்காத அலைவரிசை 865 முதல் 868 வரை.

பழைய பிட்டர்: தம்பி, போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் (வோல்டேஜ் இறங்கி ரீசெட் ஆவது) என்று வருகிறதா என்று பார்த்தீர்களா? அதைக்கூடப் பார்க்காமல் போர்டை மாற்றக் கிளம்பினால் காசுதான் போகும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மஞ்சக்காடு: லோரா எதுக்குங்க, 4ஜி மாட்யூலில் ஒரு சிம் போட்டால் ஊரிலிருந்தே போடலாமே.

ஆனைமலைத் தோப்பு: மலையடிவாரத்தில் டவர் ரெண்டு கோடு வந்தாலே பெரிசு. மாசாமாசம் ரீசார்ஜ் யார் பண்ணுவது?

பல்லடம் தறி: அந்தப் பேச்சு அப்புறம். பிட்டர் அண்ணா, கேட்க வந்தவரை விரட்டாதீங்க.

தாராபுரம் தோட்டம்: 7.5 எச்பி, டிஓஎல் (லைனை நேராக மோட்டாருக்குக் கொடுக்கிற ஸ்டார்ட்டர்). 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்துதான், போர்டு போட்டு அணைக்கிற சுவிட்சான ரிலேக்கும் அதே. பிரவுன்அவுட் என்றுதான் வருகிறது. ரிலேயை நேராக ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனில் கொடுத்திருக்கிறேன்.

பல்லடம் தறி: அப்படின்னா போர்டு நல்லாத்தான் இருக்குங்க, எதை வாங்கி வைத்தாலும் இதேதான் நடக்கும். டிஓஎல்லில் மோட்டார் எடுக்கும்போது ஓடுகிற கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், லைன் வோல்டேஜ் இறங்கும், சார்ஜரும் தளர்ந்துவிடும். போர்டுக்கு 5 வோல்ட் 2 ஆம்பியரில் நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தனியாகக் கொடுங்க, ரிலேக்கு வேறு. போர்டின் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்க. அதைவிட முக்கியம், மூன்று பேஸ் ஸ்டார்ட்டரை இழுக்கிற காயில் பெரும்பாலும் 415 வோல்ட், பச்சைப் பட்டனிலும் அதுதான் வரும்; உங்கள் ரிலே மேல் 250 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். இன்றைக்கே கழற்றிவிடுங்க. நடுவில் 230 வோல்ட் காயில் உள்ள சின்ன கான்டாக்டர் (அதிக வோல்டேஜைத் தாங்குகிற சுவிட்ச்) ஒன்று வைத்து, எலக்ட்ரீசியனை வைத்தே இணையுங்க. கை வைக்கும் முன் மெயினை இறக்கிவிடுங்க.

பழைய பிட்டர்: நான் முதலிலேயே பிரவுன்அவுட் என்று சொன்னேன்.

தாராபுரம் தோட்டம்: ரிலேயைக் கழற்றிவிட்டேன். எஸ்எம்பிஎஸ், கெப்பாசிட்டர் போட்டாச்சு. மோட்டாரைக் கையால் மூன்று தடவை போட்டேன், ரீசெட் ஆகலை. கான்டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார். கரண்ட் இருக்கும்போதே தண்ணி கட்டணும், வர்றேங்க.